மிச்ச மின்சாரம்

அந்தக் குழந்தையைத் தூக்காத ஆளே தெருவில் பாக்கி இல்லை. பால்காரர் தூக்கியிருக்கிறார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளோடு முத்தம் கொடுக்கக் குனிந்து, கடைசி நொடியில் நினைவு வந்து தலையில் அடித்துக்கொண்டு, பிறகு தூக்கியிருக்கிறாள். குழாய் ரிப்பேருக்கு வந்தவர் வந்த வேலையை விட்டுவிட்டு இடுப்பில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே இருந்தார். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. பெற்ற அப்பன் மட்டும் இன்றுவரை ஒரு விரல் வைக்கவில்லை.

அம்மாக்காரிக்கு இது தொண்டையில் முள்ளாக நின்றது. அவள் பொறுமைசாலி என்று யாரும் பொய் சொல்ல வேண்டாம், அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தாள். காரணம் உண்டு. புருஷன் லைன்மேன். அவள் நிறைமாதமாக இருந்தபோது கம்பத்தின் மேலே அவனை மின்சாரம் அடித்தது. சப்ளையை நிறுத்திவிட்டுத்தான் ஏறினான். நிறுத்திய பக்கம் நின்றது, மறுபக்கத்திலிருந்து வந்தது. இடது கை முழங்கைக்குக் கீழே போயிற்று. வலது காலில் இரண்டு விரல் போயிற்று. வலது கை மட்டும் உள்ளங்கையில் ஒரு தழும்போடு பிழைத்தது.

அவன் தீக்காய வார்டில் கிடந்தபோது அதே ஆஸ்பத்திரியின் அடுத்த கட்டிடத்தில் அவளுக்குப் பெண் பிறந்தது. “ஒரே குடும்பத்துக்கு ரெண்டு கட்டிலா? மத்த நோயாளிங்க எங்க போவாங்க?” என்று நர்ஸ் கேட்டதை அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஆள் உயிரோடு திரும்பி வந்துவிட்டான். அந்த நிம்மதியில் அவளுக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பாக வந்தது.

வீட்டுக்கு வந்தவன் சும்மாவும் இருக்கவில்லை. ஒரு கையாலும் பல்லாலும் குழந்தையின் துணிகளை மடிப்பான். மடிப்பு இஸ்திரிக்காரர் தோற்றுப்போகிற மாதிரி இருக்கும். பால் காய்ச்சுவான். விசிலடிப்பான். அந்த விசிலைக் கேட்டால் குழந்தை கையைக் காலை உதைத்து, பொக்கை வாயைத் திறந்து, வீட்டையே கூட்டுகிற மாதிரி சிரிக்கும். ஆனால் அவ்வளவும் அறையின் அந்தக் கோடியிலிருந்து. தொட்டிலைக்கூட ஒரு நீளமான நைலான் கயிற்றைக் கட்டி நாற்காலியிலிருந்து இழுத்துத்தான் ஆட்டுவான். கேட்டால், “கை வலிக்குது, பயமா இருக்கு, கீழ போட்டுட்டா?” என்பான். ஒற்றைக் கை ஆள் சொன்னால் யார் மறுத்துப் பேசுவது?

மறுத்துப் பேச ஒரு ஆள் இருந்தாள். நாத்தனார். லைன்மேனின் அக்கா. தினமும் ஒத்தாசைக்கு வருவாள். ஒத்தாசை கால் பங்கு, பேச்சு முக்கால் பங்கு.

“நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதே,” என்றாள் ஒருநாள். தப்பாக நினைக்க வேண்டியதைச் சொல்லப்போகிறாள் என்று அதற்கு அர்த்தம். “பொண்ணாப் பொறந்துடுச்சில்ல. அவன் மனசுக்குள்ள அதான்.”

“உங்க தம்பிக்கு மனசுக்குள்ள என்னன்னு உங்களுக்கு என்னிக்குத் தெரிஞ்சிருக்கு அண்ணி? என்னைக் கட்டிக்கப் போறாருங்கறதே உங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை பாத்துத்தானே தெரியும்?”

நாத்தனார் முகம் சுருங்கிப்போயிற்று. அவள் வாயை அடைத்தது என்னவோ இவள்தான், ஆனாலும் அந்தச் சொல் இவளுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. ஒருவேளை அப்படித்தானோ? துணி துவைக்கும்போதும் அதே நினைப்பு, அடுப்படியிலும் அதே நினைப்பு. பெற்ற பெண்ணை வேண்டாதவனா தன் புருஷன்? அப்படியென்றால் இத்தனை நாள் யாரோடு குடித்தனம் நடத்தினேன்?

அன்று மத்தியானம் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தாள். குழந்தை கட்டிலில் கிடந்தது. சமீபத்தில்தான் புரளக் கற்றிருந்தது; கற்ற வித்தையைக் காட்ட வேளை பார்த்து, கட்டிலின் ஓரம் வரை புரண்டு வந்துவிட்டது. பக்கத்தில் லைன்மேன். ரப்பர் செருப்புப் போட்ட காலோடு மர ஸ்டூலின் மேல் ஏறி நின்றுகொண்டு, துடைப்பக் கட்டையின் மர முனையால் ஒரு தலையணையைத் தள்ளித் தள்ளிக் குழந்தைக்கு அணை கட்டிக்கொண்டிருந்தான். வியர்வை சொட்டுகிறது. குழந்தைக்கோ இது ஏதோ புது விளையாட்டு. கட்டையைப் பிடிக்கப் பார்த்துச் சிரிக்கிறது.

அவள் பாய்ந்து குழந்தையை அள்ளிக்கொண்டாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது.

“பெத்த பொண்ணைத் துடைப்பக் கட்டையால தள்ளற அப்பனை இப்பத்தான் பாக்கறேன்! அவ்வளவு வேண்டாதவளா போயிட்டாளா இவ? வாயைத் தொறந்து சொல்லிடுங்க. பொண்ணுன்னுதானே?”

ஸ்டூலின் மேல் நின்றவன் பேயறைந்தவன் மாதிரி விழித்தான். “பொண்ணா? யாரு சொன்னா? எனக்கு… ஐயோ, அது இல்லம்மா.”

“பின்ன எது?”

அவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். துடைப்பக் கட்டையைச் சுவரில் சாய்த்தான். வலது கையைத் திருப்பி, உள்ளங்கைத் தழும்பை அவளிடம் காட்டினான்.

“இதுல இன்னும் இருக்கு.”

“என்ன இருக்கு?”

“சப்ளை.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கை ராத்திரி பகலாகச் சுருசுருவென்கிறது, விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி, அசப்பில் லைன் கம்பியின் கிட்டே கையைக் கொண்டுபோன மாதிரியே இருக்கிறது என்றான். அடித்தது முழுதாக இறங்கிப் போகவில்லை, கொஞ்சம் உள்ளேயே தங்கிவிட்டது, தொட்டால் குழந்தைக்குப் பாயும்.

“டாக்டர்தான் சொன்னாரே, நரம்பு துளிர்க்குது, அதான் சுருசுருங்குதுன்னு.”

“தெரியும். மனுஷ உடம்புல மின்சாரம் தங்காதுன்னு எனக்கும் தெரியும். பயிற்சியில படிச்சிருக்கேன். ஆனா கையைக் கொண்டுபோனா கை போக மாட்டேங்குது.”

அவள் வெடுக்கென்று அவன் கையைப் பிடித்தாள். “இதோ, பிடிச்சேன். எனக்கு என்ன ஆச்சு?”

“நீ பெரிய ஆளு, தாங்குவே,” என்றான் அவன் ரொம்ப மும்முரமாக. “அது இத்தனூண்டு.”

அந்த முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இத்தனை நாளும் அவன் குழந்தையை வேண்டாமென்று ஒதுக்கவில்லை, காவல் காத்திருக்கிறான். பைத்தியக்காரக் காவல்தான், இருக்கட்டும். அவள் மனசில் இருந்த கல் இறங்கிவிட்டது. கல் இறங்கிய இடத்தில் உடனே ஒரு யோசனை வந்து உட்கார்ந்தது.

மறுநாள் காலை குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு நேராக அவனுடைய மின்வாரியப் பிரிவு ஆபீசுக்குப் போனாள். கம்பிச் சுருளும் பீங்கான் குப்பிகளும் குவிந்த முற்றம், சுவரோரம் ஏணிகள், வாசலில் ஒரு பழைய வேன். உள்ளே போர்மேனும் ஆட்களும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றி ரத்தம் கொடுத்தவர்கள், ராத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவர்கள், அவன் வீடு திரும்பிய பிறகு ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அந்த வெட்கம் அத்தனை பேர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. ஒல்லியாக, கம்பியில் காக்கை மாதிரி உட்கார்ந்து வேலை பார்ப்பதால் காக்கா என்று பேர் வாங்கியவன், டீ கிளாசோடு ஏணிக்குப் பின்னால் ஒளியப் பார்த்தான். ஏணிக்குப் பின்னால் ஒளிந்தால் தெரியாதா?

“ஒளிய வேண்டாம். சண்டை போட வரல,” என்றாள். உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டூல், செருப்பு, துடைப்பக் கட்டை, நைலான் கயிறு, ஒன்றையும் விடவில்லை. சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்து, சிரித்தால் என்ன பதில் சொல்வது என்பதையும் வழியிலேயே தயார் பண்ணி வைத்திருந்தாள்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. போர்மேன் கிளாசைக் கீழே வைத்தார்.

“எனக்கு அடிச்சப்போ நான் ஒரு மாசத்துக்கு மேல மரப் பெஞ்சுலதான் படுத்தேன். தனியா. இரும்புக் கட்டில்ல படுத்தா அவளுக்கு ஷாக் அடிச்சிடுமோன்னு. என் பொண்டாட்டி நான் வேற எங்கயோ மனசு வெச்சுட்டேன்னு நினைச்சு, அவங்க அண்ணன் ரெண்டு பேரையும் வரவழைச்சுட்டா.”

“அடிச்சாங்களா?” என்றான் காக்கா ஆவலாக.

“உனக்கு டீ ஆறுது, குடி.”

அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். காக்கா ஒரு தடவை ஷாக் அடித்துக் கீழே விழுந்து கால் சுளுக்கோடு தப்பித்த பிறகு குழாயை முழங்கையால்தான் திறந்தானாம், ஒரு மழைக்காலம் முழுக்க. இன்னொருத்தர் தன் கண்ணாடியின் உலோகச் சட்டத்தை மாற்றிப் பிளாஸ்டிக் சட்டம் போட்டாராம். வேன் டிரைவர், தன்னை மின்சாரம் அடித்ததே இல்லை, ஆனால் இவர்கள் அடிபட்டு வேனில் ஏறும்போதெல்லாம் தான் கையுறை போட்டுக்கொண்டுதான் ஸ்டியரிங்கைப் பிடித்ததாக ஒப்புக்கொண்டார். இவ்வளவு காலம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத கதைகள். சொல்லச் சொல்ல, இப்போதுதான், கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

போர்மேன்தான் முதலில் நிறுத்தினார். “தங்கச்சி, சுவிட்சை அணைச்சதும் லைன் செத்துப்போச்சுன்னு நாங்க நம்ப மாட்டோம். மிச்சம் இருக்கும். எர்த் போட்டு, அந்த மிச்சத்தை மண்ணுக்குள்ள இறக்கினப்புறம்தான் கை வைப்போம். வேலை செய்யற இடத்துக்கு ரெண்டு பக்கமும் போடணும். அன்னிக்கு ஒரு பக்கம் போட்டுட்டோம். சின்ன வேலைதானே, ரெண்டாவது செட்டு வேன்லயே இருக்கட்டும்னு ஏறிட்டான். நானும் விட்டுட்டேன். மறுகோடியில ஒரு கடைக்காரன் ஜெனரேட்டரைத் தாறுமாறா மாட்டி ஓட்டிக்கிட்டிருந்தான். அந்தப் பக்கமிருந்து வந்துடுச்சு.” தொண்டையைச் செருமினார். “அவன் சொல்றதுல என்ன தப்பு? அவனுக்கு யாரு எர்த் போட்டா? எர்த் போடாத லைனைக் குழந்தை கிட்ட எப்படிக் கொண்டுபோவான்?”

அவள் அவரையே பார்த்தாள். விளையாட்டா, நிஜமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் அதற்குள் எழுந்து வேன் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் எல்லோரும் ஹெல்மெட், கையுறை, இடுப்பு பெல்ட் சகிதம் முழு அலங்காரத்தில் இருந்தார்கள். கேட்டில் “ஆட்கள் வேலை செய்கிறார்கள்” பலகையைத் தொங்கவிட்டார்கள். தெரு முழுக்கச் சுவரேறிப் பார்த்தது. தையல்காரம்மா தைத்துக்கொண்டிருந்த சட்டையோடு வந்துவிட்டாள். நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “கரண்டு போன வீட்டுக்குக் கூப்பிட்டா வாரக்கணக்குல வர மாட்டீங்க. கரண்டு இருக்கற வீட்டுக்கு இத்தனை பேரா?” என்று கேட்டாள்.

“இங்கதான் ஃபால்ட்டு இருக்குன்னு புகார் வந்திருக்குங்க,” என்றான் காக்கா பவ்யமாக.

லைன்மேன் கொல்லைப்புறத்தில் நின்றிருந்தான். தன் ஆட்களைப் பார்த்ததும் முதலில் முகம் மலர்ந்தது. பிறகு அவர்கள் கையில் இருந்த சாமான்களைப் பார்த்தான். எர்த் ராடு, செப்புக் கேபிள் சுருள், கிளாம்ப், சுத்தியல். விஷயம் புரிந்து காது மடல் வரை சிவந்தது.

“என்னடா இது, நாடகமா?”

“வாயை மூடு,” என்றார் போர்மேன். “இங்க நீ லைன்மேன் இல்ல, லைன். லைன் பேசாது.” ஸ்டூலைக் காட்டினார். அவன் உட்கார்ந்தான். இத்தனை வருஷம் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டவன், உடம்பு தானாக உட்கார்ந்துவிட்டது.

முதலில் சோதனை. காக்கா சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை உருவி லைன்மேனின் நெற்றியில் வைத்தான். விளக்கு எரியவில்லை.

“மண்டையில சப்ளை இல்ல போர்மேன்.”

“அது பழைய ஃபால்ட்டுடா, புதுசா ஏதாவது பாரு.”

சுவரின் மேல் இருந்த கும்பல் விழுந்து விழுந்து சிரித்தது. லைன்மேன் உதட்டைக் கடித்துக்கொண்டான். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லை வாசற்படியில் நின்று பார்த்தாள். அவள் கண் அவன் முகத்தைவிட்டு நகரவில்லை. இது பலிக்காவிட்டால் வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது.

ஈர மண்ணில் எர்த் ராடுகளை அடித்து இறக்கினார்கள். டிரைவர் கேபிளைப் பிரித்துக் கொடுத்தார். போர்மேன் முழங்காலிட்டு உட்கார்ந்து, லைன்மேனின் வலது மணிக்கட்டில் துணியைச் சுற்றி, அதன் மேல் கிளாம்ப்பை மாட்டினார். பழக்கம் என்பது பொல்லாதது. ஒரு பக்கம் மாட்டியதும், மறுபக்கத்துக்கு அவர் கை தானாக நீண்டது. நீண்ட கை இடது கை இருக்க வேண்டிய இடத்தில், மடித்துக் குத்திய சட்டைக் கையின் முன்னால் அப்படியே நின்றுவிட்டது.

சுவர்மேல் சிரிப்பு அடங்கியது. காக்கா வானத்தைப் பார்த்தான். போர்மேனுக்குக் கண் கலங்கியது. அவளுக்கு ஓடிப்போய் எல்லாவற்றையும் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

“அங்க எதுக்குத் தேடறீங்க?” என்றது ‘லைன்’. “அந்தப் பக்கம் கம்பியே அறுந்துபோச்சு போர்மேன். அங்கிருந்து இனிமே சப்ளை வராது. கால்ல போடுங்க.”

போர்மேன் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். விபத்துக்குப் பிறகு அவன் சொன்ன முதல் ஜோக் அது. ஜோக் அப்படியொன்றும் பிரமாதமில்லை. ஆனால் போர்மேன் அவன் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், அல்லது அழுதார், இரண்டும்தான். “அன்னிக்கே ரெண்டு பக்கமும் போட்டிருக்கணும்டா.” “விடுங்க. இப்பப் போடறீங்கள்ல?” என்று சொல்லி அவன் காலை நீட்டினான். இரண்டாவது கிளாம்ப் கட்டைவிரலில் ஏறியது. கூச்சம் தாங்காமல் அவன் நெளிந்ததில் ஸ்டூலே சாயப் பார்த்தது.

போர்மேன் எழுந்து மூக்கைச் சிந்தினார். ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கம் திரும்பினார். குரல் பழைய கம்பீரத்துக்கு வந்துவிட்டது.

“இந்த லைன்ல வேலை செய்யப்போறது யாரு?”

அவள் முன்னால் வந்தாள். “நான்தான்.”

“லைன் கிளியர், அதான் லைன்ல கை வைக்கற அனுமதி, வாங்கிக்கம்மா. நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லணும். நீ வாங்கிட்டா அப்புறம் லைன் உன் பொறுப்பு. வேலை முடிஞ்சுது, ஆளெல்லாம் இறங்கியாச்சுன்னு நீயா வந்து திருப்பிக் குடுக்கற வரைக்கும் ஒருத்தரும் சுவிட்சு மேல கை வைக்க மாட்டோம். மேலிடத்து ஆபீசரே வந்து நின்னாலும் சரி. சொல்லு: இந்த லைன்ல சப்ளை இல்லை.”

“இந்த லைன்ல சப்ளை இல்லை.”

“ரெண்டு பக்கமும் எர்த் போட்டாச்சு.”

“ரெண்டு பக்கமும் எர்த் போட்டாச்சு.”

“தொடலாம்.”

அந்தச் சொல் அவளுக்குச் சட்டென்று வரவில்லை. “தொடலாம்,” என்றாள்.

குழந்தையை அவன் முன்னால் கொண்டுபோய்ப் பிடித்தாள். லைன்மேன் மூச்சை இழுத்துப் பிடித்தான். கையைத் திருப்பிப் புறங்கையை நீட்டினான். கம்பி ஆட்கள் சந்தேகமானதை அப்படித்தான் தொடுவார்கள். அடித்தால் விரல் மடங்கி விலகிக்கொள்ளும், பிடித்துக்கொள்ளாது. கேபிளும் கூடவே இழுபட, விரல் முட்டி குழந்தையின் பாதத்தை நோக்கி மெல்லப் போனது.

பட்டது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. துள்ளியது அப்பன்தான். குழந்தை இந்த மரியாதையெல்லாம் பார்க்காமல் குனிந்து, அவன் சுண்டு விரலை எட்டிப் பிடித்து, வழக்கம்போல வாய்க்குள் போட்டுக்கொண்டது. ஈறால் ஒரு கடி. அவன், “ஆ!” என்றான்.

“யாருக்கு யாரு ஷாக் குடுக்கறாங்க பாரு!” என்று கத்தினான் காக்கா.

அவள் குழந்தையை அவன் மேல் சாய்த்தாள். தலை வலது முழங்கை மடிப்பில், தொடை அவன் கைப்பிடியில், மறுபக்கம் மடித்துக் குத்திய அந்தக் குட்டைக் கை அணையாக. அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. சௌகரியமாக உட்கார்ந்ததும் அந்தச் சீமாட்டி முதல் காரியமாக அப்பன் மடியை நனைத்தாள். சட்டை, வேட்டி, கேபிள், கிளாம்ப் எல்லாம் நனைந்து சொட்டியது.

ஒரு நொடி எல்லா லைன்மேன்களும் ஒரே சமயத்தில் கேபிளைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். தண்ணீரும் கம்பியும் சேர்ந்தால் பின்வாங்குவது அவர்கள் ரத்தத்தில் ஊறியது. பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் அந்தக் கொல்லைப்புறத்தில் எழுந்த சத்தத்தில் தெருக்கோடி நாய்கள் குரைக்க ஆரம்பித்தன. நாத்தனார் தம்பியின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்துவிட்டு, கொடுத்ததை யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். லைன்மேன் குழந்தையின் வயிற்றில் மூக்கை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அழட்டும், அதற்கென்ன, அவளும்தான் அழுதாள்.

டீ வந்தது, பிஸ்கட் வந்தது. தையல்காரம்மா தைத்த சட்டையில் கை மாற்றி வைத்திருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்தாள். கடைசியில் போர்மேன் கிளாசைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

“சரி தங்கச்சி, எங்களுக்கு ஒரு கம்பம் நட வேண்டியிருக்கு. வேலை முடிஞ்சுதுன்னா லைன் கிளியரைத் திருப்பிக் குடு, சாமானைக் கழட்டிக்கிட்டுக் கிளம்பறோம்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். மணிக்கட்டில் ஒன்றும் கால் விரலில் ஒன்றுமாக கிளாம்ப்போடு, ஈர வேட்டியோடு, அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். குழந்தை அவன் தோளில் எச்சில் வழியத் தூங்கிப்போயிருந்தது. கிளாம்ப்பைக் கழற்றக் குனிந்த காக்காவை, கிட்டே வராதே என்று அவன் கண்ணாலேயே விரட்டினான்.

“இல்ல அண்ணே,” என்றாள் அவள். “வேலை இன்னும் நடந்துக்கிட்டிருக்கு. ஆள் இறங்கல.”

போர்மேன் அப்பனையும் பெண்ணையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, “காக்கா, இந்தச் செட்டு இங்கயே இருக்கட்டும். கம்பத்துக்கு வேன்ல இருக்கற வேற செட்டை எடுத்து வைடா,” என்று சொல்லிக்கொண்டே வெளியே நடந்தார்.